முதலீட்டு ஒப்பந்தத்தில் இறையாண்மையைத் தேடிப் படிப்பது எப்படி?

வெளிநாட்டு முதலீடு என்ற பேச்சு எழுந்தாலே நாட்டை விற்றுவிட்டார்கள் என்று ஒரு சாராரும், உலகமே நம் வாசலுக்கு வந்துவிட்டது என்று மறு சாராரும் முழங்குகிறார்கள். யார் சொல்வது சரி என்று அறிய, அரசு கையெழுத்திட்ட இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தத்தின், அதாவது ஒருவர் நாட்டு முதலீட்டாளரை மற்றவர் பாதுகாப்பதாக இரு நாடுகள் தரும் வாக்குறுதியின், மூலத்தையே படிப்பதுதான் வழி. இந்தியாவின் ஒப்பந்தங்கள் மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை இணையதளத்திலும், ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்டாட் (UNCTAD) பராமரிக்கும் தொகுப்பிலும் கிடைக்கின்றன. பழைய ஒப்பந்தங்கள் சில பக்கங்களே என்பதால் மாலைப்பொழுதில் ஒன்றைப் படித்து முடித்துவிடலாம்.

முதலில் கடைசிப் பிரிவைத் திறந்து, ஒப்பந்தம் எப்படி முடிவுக்கு வருகிறது என்று பாருங்கள். 1994-இல் பிரிட்டனுடன் தொடங்கி வரிசையாகக் கையெழுத்திட்ட இந்தியா, 2016 முதல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு முறிவு அறிவிப்பு அனுப்பியது. ஆனால் முறிந்த பிறகும், ஏற்கெனவே செய்யப்பட்ட முதலீடுகளுக்குப் பத்து அல்லது பதினைந்து ஆண்டுகள் பாதுகாப்பு நீடிக்கும் என்று இந்த ஒப்பந்தங்களில் பலவும் சொல்கின்றன. ஓர் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டதாகச் செய்தி வந்தால், இந்த வரியைப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது தகராறு தீர்க்கும் பிரிவு. வெளிநாட்டு நிறுவனம் அரசை நேரடியாகப் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாமா, அதற்கு முன் உள்நாட்டு நீதிமன்றங்களில் எவ்வளவு காலம் வழக்காட வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஒப்பந்தப் பேச்சுகளுக்கு வார்ப்பாக 2015-இல் இந்தியா உருவாக்கிய மாதிரி ஒப்பந்தம் அதற்கு ஐந்து ஆண்டுகள் விதித்தது; 2024-இல் ஐக்கிய அரபு அமீரகத்துடன் செய்த ஒப்பந்தத்தில் அது மூன்றாகக் குறைந்தது. அரசு எந்த இடத்தில் இறங்கி வந்தது என்பதை அறிக்கைகளைவிட இந்த எண் தெளிவாகக் காட்டிவிடும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது 'மிகவும் சலுகை பெற்ற நாடு' என்ற பிரிவில். வேறொரு நாட்டுக்குக் கொடுத்த சலுகையைத் தனக்கும் கேட்கும் உரிமை அது: பக்கத்து இலையில் விழுந்த பாயசம் என் இலைக்கும் வர வேண்டும் என்பது போல. ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் பிப்பர்வார் நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1989-இல் கோல் இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. தகராறு முற்றி, 2002-இல் வணிக நடுவர் தீர்ப்பு ஒயிட்டுக்குச் சாதகமாக வந்தும், அதை எதிர்த்தும் நிறைவேற்றக் கோரியும் நடந்த வழக்குகள் நம் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. உரிமையை நிலைநாட்டப் பயனுள்ள வழிமுறை அளிப்போம் என்ற உறுதி இந்திய – ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் இல்லை, குவைத்துடனான ஒப்பந்தத்தில் இருந்தது. இந்திய அரசுக்கு எதிராகப் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போன ஒயிட், அதை இந்தப் பிரிவின் வழியே இரவல் வாங்கியது. தீர்ப்பாயமும் ஏற்று, 2011 நவம்பரில் இந்தியா நாற்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் தர வேண்டும் என்றது. நீதிமன்றத் தாமதம், அதுவும் வேறொரு நாட்டுக்குக் கொடுத்த வாக்கின் பேரில், அரசின் குற்றமானது. ஆகவே இந்தப் பிரிவு விதிவிலக்கின்றி இருந்தால், கையிலுள்ள ஒப்பந்தத்தோடு அந்த நாடு செய்த மற்ற ஒப்பந்தங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2015 மாதிரியில் இந்தப் பிரிவே இல்லை.

பிறகு, முதலீட்டாளரை அரசு நேர்மையாக நடத்தும் என்று பொதுவாக வாக்களிக்கும் 'நியாயமும் சமத்துவமும் கொண்ட நடத்தை' என்ற தொடரையும், வரி விவகாரங்கள் விலக்கப்பட்டுள்ளனவா என்பதையும் தேடுங்கள். தொலைபேசி நிறுவனமான வோடஃபோனிடம் வரி கேட்ட வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற அரசு, அதே ஆண்டு முன்தேதியிட்டு வரி விதிக்கும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2020-இல் வோடஃபோன், அதே வரியில் சிக்கிய எண்ணெய் நிறுவனம் கெய்ர்ன் ஆகிய இரு வழக்கிலும், முறையே நெதர்லாந்து, பிரிட்டன் ஒப்பந்தங்களின் கீழ், தீர்ப்பாயங்கள் அந்தத் தொடரைக் காட்டியே இந்தியாவுக்கு எதிராக முடிவு செய்தன. கெய்ர்னுக்கு இந்தியா 120 கோடி டாலரும் வட்டியும் தர வேண்டும் என்றானது. பாரிஸில் இந்திய அரசின் சொத்துகளை முடக்கவும் அந்நிறுவனம் ஆணை பெற்றது. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வரியைக் கைவிட்டது. முன்தேதியிட்ட வரி மோசமான சட்டம் என்பதே என் கருத்து. ஆனாலும் அதை மாற்றும் நெருக்கடி வாக்காளரிடமிருந்து வரவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. 2015 மாதிரி வரியை வெளியே நிறுத்தியதற்குக் காரணம் புரியும்.

முதலீடு என்பதன் வரையறையை வேகமாகப் பார்த்தால் போதும்: நாட்டில் நிஜமாக இயங்கும் தொழில் மட்டுமா, பங்குகளும் கடன்பத்திரங்களும் சேருமா? அமீரக ஒப்பந்தம் இரண்டாவது வகை.

இந்தக் குறிப்புகளை ஒரே தாளில், 2015 மாதிரிக்கு எதிரே வைத்து எழுதுங்கள். இந்தியாவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. எனவே பேச்சுவார்த்தை நடப்பதாகச் செய்தி வந்த உடனேயே, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, உள்நாட்டு நீதிமன்றக் காலம் எத்தனை ஆண்டுகள், வரிக்கு விலக்கு உண்டா என்ற இரண்டை மட்டுமாவது எழுத்துமூலக் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள்.