நீலகிரியில் ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தேயிலைத் தோட்ட மக்களைப் பற்றித் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்க வருபவர்களில் பலர், மேட்டுப்பாளையம் தாண்டும்போதே முழு ஸ்கிரிப்டையும் முடித்துவிடுகிறார்கள். பனிமூட்டம், டிரோனில் பச்சை மலை, கொழுந்து பறிக்கும் பெண், சோகமான புல்லாங்குழல், நடுவில் ஓர் அழுகை. இப்படி முடிவு செய்துவிட்டு வந்தால், இங்கே யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. முதல் சில நாள் கேமராவை வெளியே எடுக்காமல் ஆட்களோடு பேசுங்கள்.

வறுமையைக் காட்டிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவது அடுத்த தவறு. கூடலூரில் ஒரு வீட்டில் கரண்ட் இல்லை என்று காட்டுவது எளிது. ஏன் இல்லை என்று கேட்டால்தான் பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டமும், அதன் 17ஆம் பிரிவில் தீர்வு காணாமல் கிடக்கும் நிலமும், பட்டா இல்லாததால் மின் இணைப்பு கிடைக்காத கதையும் வெளியே வரும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டில் பாட்டி ஒருவர் "நாங்க சிலோன்லருந்து வந்தவங்க" என்றால், அதையும் ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தது. அந்த மக்களைக் கலந்து பேசி எடுத்த முடிவல்ல அது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் இன்றைய டேன்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். ஓய்வு பெற்றால் லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பதன் வலி, இந்த வரலாறு தெரிந்தால்தான் பார்ப்பவருக்கு உறைக்கும். அரை மணி நேர நிகழ்ச்சியில் இதற்கு எங்கே இடம் என்பீர்கள். டிரோன் காட்சிகளைக் குறையுங்கள், இடம் கிடைக்கும்.

இதையெல்லாம்விட ஆபத்தானது, சம்மதம் வாங்கும் விதம். வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கொழுந்து பறிப்பவரிடம் "பேசலாமாக்கா?" என்று கேட்டால் அவர் சரி என்றுதான் தலையாட்டுவார். அது சம்மதம் இல்லை. வேலை நேரத்தில் நிறுத்திப் பேட்டி எடுத்தால் அவர் அன்று பறிக்கும் கொழுந்தின் எடையும் குறையும். சாயங்காலம் கொழுந்து எடை போட்டு முடிந்த பிறகு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். எந்தச் சேனலில் வரும், யூடியூபில் வருடக்கணக்கில் கிடக்குமா, நடுவில் வேண்டாம் என்று சொல்லலாமா என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை. லயன் என்பது ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கதவின் பெயிண்ட், வாசலில் இருக்கும் குடம், கொடியில் காயும் சேலை, அவர் இருமும் விதம் என ஏதாவது ஒன்று போதும், பக்கத்து வீட்டுக்காரர் முதல் மேனேஜர் வரை ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். முறைகேட்டைப் பற்றிப் பேசியவர் மறுநாள் காலையில் அதே மேஸ்திரியிடம்தான் போய் நிற்க வேண்டும். பேட்டியை வேறு இடத்தில் எடுங்கள், குரலுக்கு வேறு ஒருவரைப் பேச வையுங்கள், எடிட் முடிந்ததும் அவரிடமே போட்டுக் காட்டுங்கள். உங்கள் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணில் படும்.

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் சட்டமே கண்டிப்பாக இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், படம், முகவரியோடு குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் பற்றிய விவரங்களையும் வெளியிடக் கூடாது என்கிறது. சின்ன ஊரில் பள்ளிச் சீருடையின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லோரையும் 'மலைவாழ் மக்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டவும் வேண்டாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் பிரச்சினைகள் ஒன்றல்ல. படுகர் இன்னும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. பசுந்தேயிலை விலை பற்றிய படம் என்றால் அவர்களில் சிறு விவசாயிகள் நிறையப் பேர் பேசுவார்கள். அதற்குள் பணியர் வீட்டுக் காட்சிகளைச் செருகினால் இரண்டு பிரச்சினையும் குழம்பும்.

தோட்ட நிர்வாகத்தின் பதிலை, ஒளிபரப்புக்கு முந்தின நாள் போனில் கேட்டுவிட்டு "பதில் கிடைக்கவில்லை" என்று போடுவது நியாயமில்லை. கேள்விகளை எழுத்தில் அனுப்பி ஒரு வாரமாவது கொடுங்கள். ஆனால் தோட்டத்தின் எந்தப் பகுதி (டிவிஷன்), எந்தத் தேதி என்று அடுக்கினால், பேசியவர் யாரென்று அந்தக் கடிதத்திலேயே தெரிந்துவிடும். அவரிடம் அதைப் படித்துக் காட்டி, அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிட்டு, அப்புறம் அனுப்புங்கள்.