"நான்தான் செய்தேன்" என்றதும் ரிமோட்டை எடுங்கள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தம்பி மகனோடு குற்ற ஆவணப்படம் பார்ப்பேன். யாராவது கேமரா முன்னால் ஒப்புக்கொண்டால் போதும், "இவன்தான் அத்தை" என்பான். அங்கேயே நிறுத்தச் சொல்வேன்.

முதலில், பதிவு தொடங்கும் முன் எத்தனை மணி நேரம் விசாரித்தார்கள் என்று தேடுங்கள். 1989-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடப்போன பெண் தாக்கப்பட்ட வழக்கில் 14 முதல் 16 வயதுப் பையன்கள் ஐவர் தண்டிக்கப்பட்டார்கள். நால்வரின் வாக்குமூலம் வீடியோவில் இருக்கிறது. அதற்கு முந்தைய பல மணி நேர விசாரணை அதில் இல்லை.

அப்புறம், சொன்னதையும் தடயத்தையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வழக்கில் டிஎன்ஏ ஐவரில் ஒருவரோடும் பொருந்தவில்லை. வேறொருவன் ஒப்புக்கொண்டு, அவனுடைய டிஎன்ஏ பொருந்திய பிறகுதான் 2002-இல் தீர்ப்பு ரத்தானது.

ஒவ்வொரு விவரமும் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்றும் குறியுங்கள். "கத்திதானே?" என்று கேட்டு "ஆமாம்" வாங்கியிருந்தால் அது கேட்டவர் சொன்னது.

செய்யாததை யார் ஒப்புக்கொள்வார்கள் என்று பையன் கேட்டான். அவன் அப்பாவையே கேட்கச் சொன்னேன். அவனுக்கு 13 வயதில், கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) மூட்டையைத் திருடியதாக ரப்பர் தோட்ட ஆபீசில் மத்தியானம் முழுக்க நிற்க வைத்தார்கள். "ஒத்துக்கோ, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். ஒத்துக்கொண்டான். மூட்டை மறுநாள் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தது.