பாவத்தோடு போராடும் புது விசுவாசிகள் செய்யும் தவறுகள் (எல்லாம் நானும் செய்தவைதான்)

புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு வாரம் ஒருமுறை வேதபாடம் எடுக்கிறேன். பதினான்கு வருஷம் ஆகிறது. வருகிற ஆட்கள் மாறுகிறார்கள். செய்கிற தவறுகள் அப்படியே இருக்கின்றன. நான் இருபத்தாறு வயதில் செய்த அதே கோமாளித்தனத்தை வரி மாறாமல் இன்னொருவர் செய்வதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

ஜெபத்தை விடாதே, வேதத்தை வாசி, கெட்ட சகவாசம் வேண்டாம் என்பதெல்லாம் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கே மனப்பாடம். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் வருஷத்து வேகத்தை நம்புவது

சிலருக்கு இரட்சிக்கப்பட்ட வாரத்திலேயே குடி நின்றுவிடுகிறது. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், மிச்சம் மீதியும் இதே வேகத்தில் போய்விடும் என்று அவர் நம்பிவிடுகிறார். குடியை விட்டு ஒரு வருஷமாகியும், கூடப் பிறந்த அண்ணனோடு பேசாமலேயே இருப்பார். அது பாவக் கணக்கில் வருகிறது என்றே அவருக்குத் தோன்றாது.

பிற்காலத்தில் போதகராகி 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748 மார்ச்சில் நடுக்கடல் புயலில் சிக்கித் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளைத் தன் மனமாற்றத்தின் தொடக்கமாகக் கடைசி வரை நினைவுகூர்ந்தவர் அவர். வாயில் வந்த சாபச் சொற்கள் சீக்கிரமே நின்றன. ஆனால் 1750-க்கும் 1754-க்கும் இடையில் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனாகப் போனதும் அதே மனிதர்தான். அந்த வியாபாரம் எவ்வளவு கொடியது என்று வெளிப்படையாக எழுதி, தன் பங்கையும் ஒப்புக்கொண்டது 1788-இல். நாக்கு உடனே மாறியது. தன் பிழைப்பை நேருக்கு நேர் பார்த்து ஊரறியச் சொல்ல நாற்பது வருஷம் ஆயிற்று. இதைச் சொன்னால் சிலர், "பரவாயில்லை, நமக்கும் நேரம் இருக்கிறது" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அவர் கண் திறக்கத் தாமதமானதற்கு விலை கொடுத்தது அவர் அல்ல, கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கிடந்தவர்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ரோமர் 7-ஐ மெத்தையாக விரித்துப் படுப்பது

'விரும்பாத தீமையையே செய்கிறேன்' என்று பவுல் புலம்பும் அதிகாரம் அது. அதற்கு அடுத்து, விடுதலையைச் சொல்லும் எட்டாம் அதிகாரம் இருக்கிறது.

"சரியான பிறகு வருகிறேன்"

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

என்னுடைய பாவம் கோபம். கல்யாணமாகி மூன்றாவது வருஷம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வண்டிச் சாவியைக் காணோம். மனைவிதான் எங்கேயோ மாற்றி வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். இன்னும் தெளிவாகக் கேட்கத்தான் இருக்கும். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதி வழியில் சட்டைப் பைக்குள் கையை விட்டால், சாவி அங்கே இருக்கிறது. ராத்திரி வந்து சத்தமில்லாமல் அதை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன்.

அன்று ஜெபிக்கவில்லை. 'இந்த வாயை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? மூன்று நாள் ஒழுங்காக இருந்து காட்டிவிட்டு அப்புறம் போகலாம்' என்று நினைத்தேன். அது பார்ப்பதற்கு மனத்தாழ்மை மாதிரியே இருந்தது. மூன்றாவது நாள் வேலையிடத்தில் ஒருவரிடம் எகிறினேன். கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது. சரி, இந்தத் தடவை ஒரு வாரம். அதுவும் உடைந்தது. அடுத்தது ஒரு மாதம். இப்படியே ஐந்து மாதம் ஓடிப்போயிற்று. வேதாகமத்தின் ரிப்பன் சங்கீதம் 38-லேயே கிடந்தது. சபைக்கு மட்டும் ஒழுங்காகப் போவேன். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, திருவிருந்துத் தட்டு வந்தால் தொடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடுவேன்.

அந்த ஐந்து மாதத்தில் கோபமாவது குறைந்ததா என்றால், இரண்டு மடங்கானது. ஆகாமல் என்ன செய்யும்? அதற்கு மருந்து கிடைக்கிற ஒரே இடத்திலிருந்து நானே என்னைத் தள்ளி வைத்திருந்தேன். அழுக்குப் போன பிறகு குளிக்கிறேன் என்று ஒருவன் காத்திருந்தால் அவனை என்ன சொல்வோம்?

ஒரு ஞாயிறு ஆராதனையில் யோவான் 21 வாசித்தார்கள். பேதுரு இயேசுவைத் தெரியாதென்று மூன்று தரம் மறுதலித்தது கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்த இடத்திலும் கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவது இந்த இரண்டே இடத்தில்தான். படகு கரையிலிருந்து ஏறக்குறைய இருநூறு முழம், அதாவது சுமார் 90 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது கரை சேரும்வரை பேதுருவுக்குப் பொறுமை இல்லை. மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். 'இத்தனை நாள் ஒழுங்காக இருந்தேன்' என்று காட்ட அவர் கையில் எதுவும் கிடையாது. சொட்டச் சொட்ட நனைந்துபோய் அந்த நெருப்புக்கு முன்னால் நிற்கிறார். யூதாசும்தான் மனஸ்தாபப்பட்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அவன் போனது ஆசாரியர்களிடம்.

அன்று வீட்டுக்கு வந்ததும், "அன்னைக்குச் சாவி என் பையிலேயேதான் இருந்துச்சு" என்றேன். மனைவி கீரை ஆய்வதை நிறுத்தவே இல்லை. "தெரியும். மறுநாள் காலையில ஆணியில தொங்கிச்சே, நான் மாட்டலையே" என்றாள். ஐந்து மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தேவனிடம் தகுதி சம்பாதிப்பதில் மும்முரமாக இருந்தவன், நிஜமாகவே கடன்பட்டிருந்த ஆளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

இதன் வேர், இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வது. நீதிமானாக்கப்படுவது தீர்ப்பு, கிறிஸ்துவினிமித்தம் ஒரே தரம் சொல்லியாயிற்று. பரிசுத்தமாவது அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆயுசு முழுக்க நடக்கிற வேலை. எங்கள் சீர்திருத்த மரபில் இந்த இரண்டையும் வேறுபடுத்தியே சொல்லிக்கொடுப்பார்கள். நான் அதைத் தேர்வில் எழுதி மார்க் கூட வாங்கியிருக்கிறேன். நடைமுறையிலோ, இரண்டாவதில் பாஸானால்தான் முதலாவது செல்லும் என்று வாழ்ந்தேன். 1 யோவான் 1:9-ஐ எடுத்துப் பாருங்கள். அறிக்கையிட்டால் மன்னிப்பு, நடுவில் காத்திருப்புக் காலம் எதுவும் எழுதியில்லை.

அப்படியானால் பாவம் செய்துவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டால் முடிந்ததா, இது வசதியாக இருக்கிறதே என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். பவுலிடமே கேட்ட கேள்விதான், 'கூடாதே' என்று ரோமர் 6-இல் பதில் இருக்கிறது. என் அனுபவத்தையும் சொல்கிறேன்: உடனே திரும்பிப் போவது கொஞ்சமும் வசதியான காரியம் இல்லை. கத்திய வாய் காய்வதற்குள் யாரிடம் கத்தினோமோ அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். தள்ளிப்போடுவதுதான் வசதி; ஒரு வாரம் போனால் எதற்காகக் கத்தினோம் என்பதே மறந்துவிடும்.

போன மாதம் ஒரு தம்பி ஏழு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. கேட்டால், "வேலை அதிகம் அண்ணா" என்றான். அந்த வாக்கியத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவனே நான்தான். நேரில் போய்ப் பிடித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு மாசம் சுத்தமா இருந்துட்டு வரேன் அண்ணா" என்றான். "ஒரு மாசம்னு யாருடா சொன்னது?" என்று கேட்டுவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. பதில் இல்லை. எனக்கு யார் மூன்று நாள் என்று சொன்னார்கள்?

பேதுரு அந்தக் கரையோடு ஒரேயடியாகத் திருந்திவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்தவர், அப்போஸ்தலர் 4-இல் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் தைரியமாக நிற்கிறார். அப்புறம் பல வருஷம் கழித்து அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய், யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகுகிறார். பவுல் முகத்துக்கு நேராகக் கண்டிக்க வேண்டியதாயிற்று. அதே மனுஷ பயம்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

எனக்கு ஐந்து மாதமாக இருந்தது பிறகு ஒரு வாரமாயிற்று, அப்புறம் ஒரு ராத்திரி. இப்போது பெரும்பாலும் குரல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. சில நாள் நிற்பதில்லை.

உறுத்தல் கூடினால் விசுவாசத்தில் பின்மாற்றம் என்று பயப்படுவது

"முன்னைவிட இப்பதான் நான் மோசமா இருக்கேன்" என்று வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. முன்பு கண்ணில் படாத பொய் இப்போது படுகிறது, அவ்வளவுதான். பவுல் ஒரு நிருபத்தில் அப்போஸ்தலர்களில் தான் சிறியவன் என்கிறார்; எபேசியரில் பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன் என்கிறார்; தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாவிகளில் பிரதானமானவன். இந்த நிருபங்கள் எழுதப்பட்டதாக மரபாகச் சொல்லப்படும் வரிசையும் இதுதான். ஆதித்திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்டின் மனந்திரும்பியது கி.பி. 386-இல். பத்து வருஷத்துக்கு மேலாகி, பிஷப்பாகவும் ஆன பிறகு, சாப்பாட்டு ஆசையோடும் புகழ் ஆசையோடும் தனக்கு இன்னும் நடக்கிற மல்லுக்கட்டை ஒளிக்காமல் எழுதி வைத்தார். இந்தக் காலத்தில் எழுதியிருந்தால் ஊழியத்தை விட்டே அனுப்பியிருப்போம்.

மைக்கைப் பிடித்து அறிக்கையிடுவது

ஒருவர் போதும். வாயை மூடத் தெரிந்த ஒருவர்.

விட்டதன் இடத்தைக் காலியாக வைப்பது

மத்தேயு 12-இல், ஒரு மனுஷனை விட்டுப் போன அசுத்த ஆவி தன் பழைய வீடான அவனிடம் திரும்பி வந்து பார்க்கும்போது, வீடு பெருக்கி ஜோடித்துத்தான் இருந்தது. உள்ளே ஆள்தான் இல்லை.

நாள் குறிப்பது

'இன்றோடு கடைசி' என்று தேதி போட்டு, அடிக்கோடிட்டு எழுதி வைப்பது. என் பழைய டைரிகளில் ஒன்பது இடத்தில் இருக்கிறது. ஒன்றில் சிவப்பு மை.