ஜார் காலத்துப் பரிசுக் கடிகாரத்தைச் சோதிக்கும் முறை

ரஷ்யப் பேரரசின் சந்தைக்காகச் செய்யப்பட்ட தங்கப் பாக்கெட் கடிகாரம் கைக்கு வந்தால், மேல்மூடியில் பொருத்தப்பட்ட, பேரரசின் சின்னமான இரட்டைத்தலைக் கழுகைப் பார்த்து மயங்காமல், முதலில் பின்மூடியைத் திறந்து முத்திரைகளைப் படிக்க வேண்டும். தூய தங்கத்தை 96 சொலோத்னிக் (பழைய ரஷ்ய எடை அலகு) எனக் கணக்கிட்ட அந்நாட்டில், 56 என்ற எண் ஏறத்தாழ 14 காரட்டைக் குறிக்கும். தலையணி அணிந்த பெண்ணின் முகம் முத்திரையில் இடப்புறம் நோக்கினால் அது 1908க்கு முந்தையது; வலப்புறம் நோக்கினால் பிந்தையது.

அடுத்து உள்மூடியின் ரஷ்ய எழுத்துகளைக் கவனியுங்கள். பாவெல் புரே போன்ற அரண்மனை வழங்குநர்களின் பெயர் இருப்பினும், 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கப்படி, மெய்யெழுத்தில் முடியும் சொற்களின் இறுதியில் கடினக்குறி (ъ என்ற எழுத்து) இல்லையென்றால் ஐயம் கொள்வதே நலம். இயந்திரம் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டிருப்பது குறையன்று. புரேயின் கடிகாரங்கள் அந்நாட்டின் லெ லோக்கில் என்ற ஊரில் உருவானவையே.

கழுகுதான் மோசடிக்காரர்களுக்குப் பிடித்த இடம். பத்து மடங்கு உருப்பெருக்கியில் அதன் விளிம்பைச் சுற்றிப் உலோகத்தை ஒட்டப் பயன்படும் பற்றாசின் புதிய கசிவோ, பழைய செதுக்கலை அது மறைத்திருப்பதோ தெரிந்தால், சாதாரணக் கடிகாரம் ஒன்று அரசப் பரிசாக உயர்த்தப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது தங்கத்தின் எடைக்கும் இயந்திரத்தின் தரத்துக்கும் மட்டுமே விலை பேசுங்கள்.