மீன் கடிக்காத காலையும் கயாக்கில் செய்யும் தவறுகளும்

மீன் அடுத்தடுத்து இழுக்கும் காலையில் கயாக்கில், அதாவது துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகில், இருப்பவர் பெரிய தவறு எதுவும் செய்வதில்லை. கைக்கு ஓயாத வேலை இருக்கும். கண் நீரை விட்டு அகலாது. தக்கை இரண்டு மணி நேரமாக அசையாமல் கிடக்கும் காலைதான் ஆளைக் கெடுக்கிறது. அலுப்பில் இடத்தை மாற்றுகிறோம், நங்கூரத்தை அரைகுறையாகக் கட்டுகிறோம், "இன்னும் கால் மணி நேரம் பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிடுகிறோம். கடலின் ஓதத்தால் நீர் ஏறி (ஏற்றம்) இறங்கும் (வற்றம்) ஆற்றில் அந்தக் கால் மணி நேரத்துக்குள் நீரின் போக்கே மாறிவிடும்.

தவறு வீட்டிலேயே தொடங்குகிறது. ஓத அட்டவணையில் ஒரே ஒரு நேரத்தைப் பார்த்து மனத்தில் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். அந்த நேரம் பெரும்பாலும் முகத்துவாரத்துக்கோ பக்கத்துத் துறைமுகத்துக்கோ கணித்தது. ஆற்றுக்குள் போகப்போக ஏற்றம் தாமதமாகத்தான் வந்து சேரும். நீண்ட ஆறானால் மணிக்கணக்கில்கூடத் தள்ளிப்போகலாம். அதோடு, அட்டவணை சொல்வது நீரின் உயரத்தை, ஓட்டத்தை அல்ல. மட்டம் உச்சத்தைத் தொட்ட பிறகும் ஆறு சிறிது நேரம் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். மேற்புறத்தில் நல்ல மழை பெய்திருந்தால் கணக்கு இன்னும் குழம்பும். ஏற்றம் வலுவிழக்கும், வற்றம் நீளும், வேகமும் கூடும். நேற்றைய நேரத்தை வைத்து இன்று கிளம்புவதும் உதவாது. பெரும்பாலான கரைகளில் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும்.

ஆகவே கடிகாரத்தை நம்புவதைவிட நுரையை நம்புவேன். கயாக்கின் பக்கத்தில் மிதந்து வரும் ஒரு நுரைத் திட்டைப் பாருங்கள். கரையில் இருக்கும் ஒரு மரத்தைக் குறியாக வைத்துக்கொண்டு பார்த்தால் அது போகும் வேகம் தெரியும். மெல்ல மெல்லத் தயங்கும், ஓரிடத்தில் நின்று லேசாகச் சுழலும், பிறகு வந்த வழியே திரும்பும். ஆற்றின் நடுவில் நுரை நின்றிருக்கும்போதே கரையோரத்தில் அது திரும்பத் தொடங்கியிருக்கும். திருப்பம் அநேகமாக ஓரத்தில்தான் முதலில் தெரியும்.

நீர் நிற்கும் இந்த நேரத்தில்தான் பொறுமை போய்விடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஓர் இடம், ஐந்து நிமிடத்துக்கு ஓர் இரை என்று அலைகிறோம். ஆற்றில் மீன் இல்லாமல் போய்விடவில்லை. இரையைக் கொண்டுவரும் ஓட்டம்தான் இல்லை. பாலத் தூணின் மறைவிலும் ஓடை வாயிலும் பதுங்கிக் கிடந்து, நீர் அடித்துவரும் பொடிமீனையும் இறாலையும் பிடிக்கும் கொடுவா போன்ற மீனுக்கு, நின்ற நீரில் வேலை இல்லை. இரண்டு மணி நேரம் தவம் கிடந்துவிட்டு, ஓட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது "இன்றைக்கு அவ்வளவுதான்" என்று கரையேறியவர்களில் நானும் ஒருவன். வற்றம் தொடங்கும் வேளையில் சிற்றோடை ஆற்றோடு சேரும் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அதுவரை சும்மா இருப்பது நல்லது.

ஆனால் ஓட்டம் தொடங்கிய பிறகு அது எவ்வளவு சீக்கிரம் வலுக்கும் என்பதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மாலுமிகள் பழங்காலமாகப் பயன்படுத்தும் பன்னிரண்டில் பங்குக் கணக்கு ஒன்று உண்டு. ஆறு மணி நேர வற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நீர் இறங்கும். அடுத்தடுத்த மணிகளில் இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. மொத்த இறக்கம் 2.4 மீட்டர் என்றால் முதல் மணியில் 20 சென்டிமீட்டர்தான் இறங்கும். மூன்றாம் மணியில் 60. ஆற்றுக்குள் கணக்கு இவ்வளவு ஒழுங்காக இருக்காது, ஆனாலும் நடுவில் வேகம் கூடும் என்பது பொருந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் இன்னும் கடுமை. சாதாரணமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகலாம். குறுகலான இடத்தில் ஆறு அதே வேகத்தில் எதிரே வந்தால் கை வலிப்பதுதான் மிச்சம். ஏற்றத்தோடு மேலே போய் வற்றத்தோடு திரும்புவதுபோல் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அதிலும் தாமதம் கூடாது. இறங்கிய துறையில் நீர் போய்ச் சேறு மட்டும் காத்திருக்கும். கால் வைத்துத்தான் பார்ப்போமே என்று இறங்காதீர்கள். முழங்கால்வரை புதைந்தவர் தானாக மீள்வது பெரும்பாடு. கயாக்கிலேயே உட்கார்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருப்பது அவமானம்தான், ஆபத்தில்லை.

நங்கூரம்தான் எல்லாவற்றிலும் மோசமான தவறுக்கு இடம். கயிற்றைப் பக்கவாட்டில், கைக்கு எட்டும் கைப்பிடியில் கட்டுவது அந்தத் தவறு. முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் கட்டினேன். நீர் நின்றிருந்தது; கயிறு தொய்ந்து கிடந்தது; நான் இரை மாற்றிக்கொண்டிருந்தேன். வற்றம் பிடித்ததும் கயிறு விறைத்தது. கயாக் ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பி, கயிறு கட்டிய பக்கம் விளிம்பு நீர்மட்டத்துக்கு இறங்கி, மடியில் தண்ணீர் வந்தது. முடிச்சு அவிழவில்லை. கத்தி மார்பில் மாட்டியிருந்ததால் அறுத்துவிட்டேன். நங்கூரம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கயாக்கின் முனையிலிருந்து மட்டும் கட்டுங்கள். ஆழத்தைப் போல மூன்று மடங்காவது கயிறு விடுங்கள், ஓட்டம் இருந்தால் இன்னும் அதிகம். ஓர் இழுப்பில் கழன்றுகொள்ளும் கொக்கியும் கயிற்று நுனியில் ஒரு மிதவையும் இருந்தால், விட்டுவிட்டுப் போய்ப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். ஓட்டம் கடுமையாக இருக்கும் இடத்தில் நங்கூரமே போடாமல் இருப்பது உத்தமம்.

அடியில் முள் சிக்கிக்கொண்டு கயாக் மிதந்து விலகும்போதும் இதே கதைதான். தூண்டிலைப் பக்கவாட்டில் பிடித்து மல்லுக்கட்டாமல் நரம்பை அறுத்துவிடுங்கள். ஒரு முள்ளும் ஈயக்குண்டும்தானே போகின்றன.

உயிர்காப்புச் சட்டையை இருக்கைக்கு மெத்தையாகப் போடுபவர்களிடம் சொல்வதற்கு எதுவுமில்லை. உடை காற்றின் வெப்பத்துக்கு அல்ல, நீரின் குளிருக்கு ஏற்றதாக இருக்கட்டும். செல்பேசி நீர்புகாப் பையில் உடலோடு இருக்கட்டும். கயாக் போனாலும் அது உங்களிடம் இருக்கும். இருட்டில் கிளம்பினால் கையெட்டும் தூரத்தில் வெள்ளை விளக்கு கட்டாயம். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளும் துடுப்புப் படகுகளுக்கு இதைச் சொல்கின்றன. பனிமூட்டத்தில் விசைப்படகுக்காரரின் கண்ணுக்குக் கயாக் ஒரு மிதக்கும் கட்டைதான்.

இறக்குவதற்கு முன் நீர்வடித் துளையின் அடைப்பானையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். என்னுடையது ஒருநாள் வண்டியின் இருக்கையில் பத்திரமாக இருந்தது.