திங்கட்கிழமை மனு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிப் பிள்ளைகள், குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள், மலையூர் இளைஞர்கள் என்று சமீப காலமாக நிறையப் பேர், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கிற குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனுவை எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிறார்கள். சேலத்தில் ஊருக்காக மனு கொடுக்க இத்தனை இளவயதுக்காரர்கள் முன்வருவது சந்தோஷமான விஷயம். ஆனால் பல வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் எப்படியெல்லாம் எழுதி அலைந்தோமோ, அப்படியே இவர்களும் எழுதுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை.

தேதி போடுங்கள், போன் நம்பர் எழுதுங்கள், ஆதார் நகல் வையுங்கள் என்பதையெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரே சொல்லிவிடுவார். விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஊர்ப் பிரச்சினை எல்லாம் ஒரே மனுவில்

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

சேர்வராயன் மலையில் ஒரு ஊர். பஸ் நிற்கும் இடத்தில் இறங்கிக் காட்டு வழியாக நடந்துதான் போகவேண்டும். காப்பியும் மிளகும் தலைச்சுமையாகத்தான் வெளியே வரும். பிரசவ வலி எடுத்தால் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த ஊர் இளைஞர்கள் ஒரு திங்கட்கிழமை மலையிறங்கி வந்து குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார்கள். நான்கு பக்கம், எட்டுக் கோரிக்கை. ரேஷன் கடையைக் கூடுதல் நாள் திறக்கவேண்டும், தெருவிளக்கு எரியவில்லை, முதியோர் உதவித்தொகை வரவில்லை, சாதிச் சான்றிதழ் இழுத்தடிக்கிறார்கள், காட்டெருமை தோட்டத்தில் இறங்குகிறது, சாலை வேண்டும், பஸ் வேண்டும், செல்போன் டவர் வேண்டும். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்.

அந்த மனுவின் நகலைப் பிறகு பார்த்தேன். முதல் பக்கத்தின் மேல் மூலையில் பச்சை மையில் ‘வ.வ.அ.’ என்று எழுதியிருந்தது. வட்ட வழங்கல் அலுவலர், அதாவது ரேஷன் கடைகளைப் பார்ப்பவர். மனுவில் முதலில் இருந்தது ரேஷன் கடைதானே? சாலை மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சில வாரம் கழித்துப் பதில் வந்தது: கடை குறிப்பிட்ட நாட்களில் முறையாக இயங்கி வருகிறது, மனு முடித்து வைக்கப்பட்டது. அவ்வளவுதான். மற்ற ஏழு கோரிக்கைகளும் அந்த ஒரு வரியோடு சேர்ந்து முடிந்துபோயின. சாலை கேட்ட ஊர் இன்னொரு மழைக்காலத்தையும் சேற்றில் நடந்தே கழித்தது.

பதில் எழுதிய அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. மனு நடக்கிற விதம் அப்படி. பதிவு செய்யும் இடத்தில் ஒரு மனுவுக்கு ஒரு எண் விழுகிறது. அந்த எண் ஒரு துறைக்குப் போகிறது. அந்தத் துறை அலுவலர் தன் கைக்கு எட்டியதற்குப் பதில் எழுதி எண்ணை முடிக்கிறார். வாங்கிய மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று 2015-லேயே அரசாணை (எண் 99, பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை) இருக்கிறது. நமக்கு நல்ல அரசாணைதான். ஆனால் ஒரு மாதக் கெடு தலைக்கு மேல் இருக்கும்போது, எட்டுக் கோரிக்கை உள்ள மனுவில் எது சுலபமோ அதற்குத்தான் பதில் வரும். ரேஷன் கடைக்குப் பதில் எழுத ஒரு பேனா போதும். சாலைக்கு வனத்துறையைக் கேட்கவேண்டும், அளக்கவேண்டும், நிதி பார்க்கவேண்டும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்கு மனப்பாடம். “ஒண்ணொண்ணா குடுத்தா எட்டு மனு ஆகுமேங்க? பெருசா ஒரே மனுவா குடுத்தாத்தானுங்க வெயிட்டு?” எட்டு மனு ஆகட்டும். எட்டு எண் விழும். எட்டு அலுவலர் தனித்தனியாகப் பதில் சொல்லவேண்டி வரும். உதவித்தொகையும் சாதிச் சான்றிதழும் தனி ஆட்களின் விஷயம். அவரவர் பெயரில் அவரவர் மனு கொடுக்கவேண்டும். ஊரின் பெயரில் கொடுத்தால் ‘பயனாளி விவரம் இல்லை’ என்று திரும்பும். தெருவிளக்கு ஊராட்சியோடு முடிகிற வேலை, அதற்கு மலையிறங்கவே வேண்டியதில்லை. காட்டெருமை வனச்சரக அலுவலகத்துக்கு.

சாலை மனுவைத் தனியாக எழுதும்போதும், ‘சாலை வசதி செய்து தரவேண்டும்’ என்று நிறுத்திவிட்டால் ‘அது வனநிலம்’ என்று ஒரே வரியில் திரும்பி வரும். பல மலையூர்கள் அந்த வரியைப் படித்ததும் சோர்ந்துபோய் விட்டுவிடுகின்றன. அங்கேதான் விடக்கூடாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பாருங்கள். சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், மின்கம்பி, ரேஷன் கடை உட்பட 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தைக் கொடுக்க அதில் வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள் இருக்கவேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். 1 ஹெக்டேர் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். 3 மீட்டர் அகலச் சாலை போட்டால் அது 3 கிலோமீட்டருக்கு மேல் வரும். நம் மலையில் பல ஊர்களுக்கு அது தாராளம்.

இந்த விண்ணப்பத்தை ஊர்மக்கள் நேரடியாக வனத்துறையிடம் கொடுக்க முடியாது. சாலை போடப்போகிற துறைதான் வனச்சரகர் வழியாக மாவட்ட வன அலுவலருக்கு அனுப்பவேண்டும். ஆகவே பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) கொடுக்கும் மனுவில் இப்படிக் கேளுங்கள்: ‘கிராமசபைத் தீர்மான நகல் இணைக்கப்பட்டுள்ளது. வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ன்படி ஊராட்சி ஒன்றியம் வனத்துறைக்கு விண்ணப்பிக்கக் கோருகிறோம்.’ நான் சொன்ன ஊர் இரண்டாம் முறை இப்படித்தான் எழுதியது. அரைப் பக்கம். அலுவலர்கள் வந்து நடந்து அளந்துவிட்டுப் போனார்கள். சாலை இன்னும் வரவில்லை, ஃபைல் நகர்கிறது. முதல் தடவையே இப்படிக் கொடுத்திருந்தால் இந்நேரம் ஜல்லியாவது கொட்டியிருப்பார்கள்.

ரசீது

மனு எண் கையில் இல்லாமல் படியிறங்காதீர்கள்.

“முதல்வருக்கே எழுதிட்டேன்”

எழுதலாம், தப்பில்லை. முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கும் கூப்பிடலாம். ஆனால் அங்கே பதிவாகிற மனு சுற்றிவிட்டு உங்கள் வட்டாட்சியர் அல்லது பி.டி.ஓ. மேஜைக்குத்தான் வரும். அதே விஷயத்தைக் கலெக்டர், முதல்வர், பிரதமர் என்று மூன்று இடத்தில் ஒரே நாளில் போட்டால் மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேரும். முதலாவதற்கு எழுதிய பதிலே மற்ற இரண்டுக்கும் ஒட்டப்படும். கீழிருந்து தொடங்குங்கள். கீழே வந்த பதிலில் என்ன தப்பு என்று காட்டி மேலே போங்கள்.

ரயிலுக்குக் கலெக்டர்

ரயில் நிறுத்தம், சுரங்கப்பாதை, லெவல் கிராசிங் எல்லாம் கோட்ட ரயில்வே மேலாளருக்கு. சேலத்துக்கு 2007 நவம்பர் 1 முதல் தனிக் கோட்டமே இருக்கிறது. அங்கே கொடுத்த நகலோடு எம்.பி.யைப் பாருங்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்து

முதலில் கையெழுத்து வாங்கிவிடலாம், மனுவைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பது ஆபத்தான பழக்கம். ஒரு பகுதியில் தெருவிளக்குக்காக வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். விளக்கு போட்டாகிவிட்டது. மிச்சம் இருந்த தாள்களை டாஸ்மாக் கடையை மாற்றக் கோரும் மனுவோடு இணைத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்தவர் பட்டியலில் இருந்த சிலருக்குப் போன் போட்டார். “நான் அப்படி எதுவும் கேக்கலீங்களே” என்றார் ஒருவர். கடை இருந்த கட்டடமே இன்னொருவரின் சொந்தக்காரருடையது. அந்த ஒரு போனோடு மனு செத்தது. உண்மையாகவே கடையால் கஷ்டப்பட்ட பெண்கள் அதன்பிறகு கொடுத்த மனுவையும் யாரும் நம்பவில்லை.

ஒவ்வொரு கையெழுத்துத் தாளின் தலையிலும் கோரிக்கையை முழு வாக்கியமாக எழுதுங்கள். படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். 300 பேர் தேவையில்லை, போன் வந்தால் “ஆமாங்க, நான்தான் கொடுத்தேன்” என்று சொல்லக்கூடிய 20 பேர் போதும்.

டாஸ்மாக் மனு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. கண்ணீரை இரண்டு வரியில் முடித்துவிட்டு மீட்டரை எழுதுங்கள். 2003-ஆம் ஆண்டு மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில் பள்ளி, வழிபாட்டுத் தலங்களிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று தூரம் சொல்லியிருக்கிறது. டேப் பிடித்து அளந்து, எந்த வாசலிலிருந்து எந்த வாசல் வரை என்று கைவரைபடம் போட்டு இணைத்தால் பதில் எழுதுகிறவர் போய் அளந்தாக வேண்டும்.

ஆட்சேபணையைச் சாதாரண மனுவாக நினைப்பது

2018-ல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை அறிவிப்பு வந்தபோது ஐந்து மாவட்டங்கள் கொதித்தன. 277 கிலோமீட்டர், வழியெல்லாம் வயலும் தோப்பும் கிணறும். கறுப்புக் கொடி கட்டினார்கள், கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். போராட்டத்துக்கு உள்ள பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956 ஒரே ஒரு மனுவுக்குத்தான் காது கொடுக்கிறது. நிலம் எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் 3ஏ அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள், 3சி பிரிவின்படி, எழுத்து மூலம், காரணங்களோடு, நில எடுப்புக்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் தரும் ஆட்சேபணை. அதைக் கொடுத்தால் அவர் உங்களை அழைத்து விசாரித்தாக வேண்டும், வக்கீலையும் கூட்டிப்போகலாம். பிரதமருக்குப் போட்ட தபால் அந்தக் கணக்கில் வராது. 22-ஆம் நாள் கொடுத்ததும் வராது.

அறிவிக்கையின் சாரம் இரண்டு நாளிதழ்களில் வரும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்கும். பொடி எழுத்தில் சர்வே எண்கள் வரிசையாக இருப்பதால் பலர் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘நிலம் தரமாட்டோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். சர்வே எண், கிணற்றின் ஆழம், எத்தனை தென்னை, வேறு எந்த வழியாகப் போகலாம் என்று எழுதுங்கள். அந்தத் திட்டத்தின் நில எடுப்பை 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் வேலையைத் தொடரலாம் என்றது. வழக்கு இப்படி மாறி மாறிப் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் சர்வே எண்ணுக்கான ஆட்சேபணை ஃபைலில் இருக்கவேண்டும்.

பதிலைக் கிழித்துப் போடுவது

‘பரிசீலனையில் உள்ளது’, ‘நிதி ஒதுக்கீடு பெற்றதும் மேற்கொள்ளப்படும்’ என்று பதில் வந்தால் எரிச்சல் வரும். அதே மனுவை மறுபடி டைப் அடித்து அடுத்த திங்கட்கிழமை கொண்டுபோகிறார்கள். வேண்டாம். அந்தப் பதிலை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் வரவேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ‘மனு எண் இன்னதன் மீது நடந்த புலத்தணிக்கை அறிக்கையின் நகல், கோப்புக் குறிப்புகளின் நகல், நிதி கேட்டு அனுப்பிய கடிதத்தின் நகல்’ என்று கேளுங்கள். யாரும் இடத்துக்கே வரவில்லை என்றால் அப்போது எழுத்திலேயே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியாக வரவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

நாடாளுமன்றத்துக்கு மனு

மக்களவைக்கு நேரடியாக மனு போட வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு உறுப்பினர் வழியாகத் தாக்கல் செய்தால் அவர் மேலொப்பமிட வேண்டும். தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்கவேண்டும். நம் சட்டப்பேரவைக்கும் மனுக்கள் குழு உண்டு. அது மாவட்டங்களுக்கே வந்து விசாரிக்கிறது. வருகிற அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

கிராமசபையை விட்டுவிடுவது

கிராமசபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சேலம் மாநகராட்சிக்குள் கிராமசபை கிடையாது, பகுதி சபைக் கூட்டம் உண்டு. மலையூர்க்காரர்களுக்கு இந்த ஆறு தேதிகள்தான் முதல். வனநிலச் சாலைக்குத் தீர்மானம் இல்லாமல் ஒரு அடி நகராது என்று மேலே பார்த்தோம். கூட்டத்துக்குப் போகும்போது தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். ‘அடிப்படை வசதிகள் செய்து தரவேண்டும்’ என்று பொதுவாக எழுதிக்கொள்கிறேன் என்பார்கள். சாலை எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், எந்தச் சட்டப் பிரிவு என்பது அப்படியே தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பக்கத்தைக் காலியாக விட்டு, பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எழுதி முடித்ததைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நகல் கேட்டு அங்கேயே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.