ஒயினுக்குப் போகும் பன்னீர் திராட்சை: கடைசி 30 நாள்

தேனி மாவட்டம் சுருளிப்பட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். அப்பா, அம்மா, நான், என் மனைவி என்று நாலு பேர் பாடு. ஈஸ்ட் வாங்கிப் போடாமல் இயற்கை ஒயின் செய்கிற, உரிமம் உள்ள ஒருவருக்குப் பழம் கொடுக்கிறோம்.

கவாத்து (கொடியை வெட்டிவிடுவது) முடிந்து பழம் வெட்ட ஏறக்குறைய 120 நாள் ஆகும். முதல் 90 நாள் வழக்கமான இயற்கை விவசாயம்தான்: தொழுவுரம், பஞ்சகவ்யம், மீன் அமிலம், அடிச்சாம்பல் என்ற பூஞ்சாண நோய்க்கு ஒரு சத போர்டோ கலவை (செம்பு சேர்ந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும்), இன்னொரு பூஞ்சாணமான சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் ஸ்பிரேயரைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

பழத்தின் மேல் விரல் பட்டால் அழியும் வெள்ளைப் பூச்சு இருக்கிறதே, சாற்றைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. செம்பு மிஞ்சினால் அது சுணங்கும். கந்தகம் மிஞ்சினால் ஒயினில் அழுகிய முட்டை வாடை வரும். ஒரு வருஷம் விடாத சாரலுக்குப் பயந்து, வெட்டுக்கு 12 நாள் முன்னால் கந்தகம் அடித்துவிட்டேன். பழம் கொடுத்த ஐந்தாம் நாள் ஒயின் செய்பவர் டிரம்மைத் திறந்து காட்டினார், அதே வாடை. 600 கிலோ பழத்தின் காசைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்படியானால் பூஞ்சாணத்துக்கு என்ன செய்வது? காற்றுதான் மருந்து. கொத்தை ஒட்டியிருக்கும் இலைகளைக் கிள்ளுங்கள். மேலே நிழல் தரும் இலையைத் தொடாதீர்கள். நண்பகலில் பந்தலுக்குக் கீழே நின்று தரையைப் பாருங்கள். வெயில் காசு காசாக விழுந்திருந்தால் சரி. தரை முழுக்க இருட்டாக இருந்தால் இன்னும் கிள்ள வேண்டும்.

கடைசி 10 நாள் தண்ணீரைக் குறையுங்கள். பன்னீருக்குத் தோல் மெல்லிசு; தண்ணீர் கூடினால் வெடிக்கும், வெடித்த பழம் வினிகருக்கு வழி. இனிப்பு பார்க்கக் கொத்தின் நுனிப் பழத்தை எடுங்கள், அதுதான் கடைசியில் பழுப்பது. சந்தைக்கு 16 பிரிக்ஸ் (சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு) போதும். ஒயினுக்கு நாங்கள் 19, 20 வரை காத்திருக்கிறோம். 20 இருந்தால் ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டி வரும். பிரிக்ஸ் பார்க்கும் மீட்டர் இல்லையா, விதையைக் கடித்துப் பாருங்கள். பச்சை போய்ப் பழுப்பேறி, நறுக்கென்று உடைய வேண்டும்.

வெட்டுக்கு ஐந்து நாள் முன்பு, பத்துக் கொடிகளிலிருந்து அரைக் கிலோ பழம் எடுத்து, கழுவாமல் கண்ணாடி ஜாடியில் பிசைந்து துணி கட்டி வையுங்கள். மூன்றாம் நாள் தோல் மேலே எழும்பி நுரை கட்டினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நெயில் பாலிஷ் வாடை அடித்தால் தோட்டத்தில் வெடித்த கொத்துகள் கலந்திருக்கின்றன; ஒவ்வொரு கொத்தாகப் பார்த்துக் கழியுங்கள். இந்த வேலையை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

வெட்டு காலை எட்டு மணிக்குள் முடியட்டும். கிரேட்டில் பத்துக் கிலோவுக்கு மேல் அடுக்காதீர்கள், அடிப்பழம் நசுங்கிவிடும். அப்புறம், வண்டி ஏற்றும்போது பழத்தைக் காம்பில் பிடியுங்கள்.